ஈரக்கால் சட்டம்

மச்சான் பாலத்தடியில் இறங்குகிறான்.
அது அரசாங்கப் பாலம்,
யாரையும் கேட்க வேண்டியதில்லை.
அவன் கால் நனைந்த நொடியில்
என் வேலை தொடங்குகிறது.

கொலிலெவு ஆறு எல்லாருக்கும் பொது
என்கிறது சட்டம்.
கரை, இருபுறமும், பதினோரு கிலோமீட்டர்,
மீன்பிடி விடுதிக்குச் சொந்தம்
என்கிறது பத்திரம்.
இரண்டும் உண்மைதான்.
இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் சரளைக்கல்,
அதைக் காக்க எனக்குச் சம்பளம்,
ஒரு குதிரை, பதினான்கு சாவிகள்.

எலெயுதேரியோ தொடையளவு நீரில் நடக்கிறான்,
தூண்டிலைத் தோளில் சாய்த்து.
நான் கரையோடு, அவனுக்கு இணையாக.
கால் காய்ந்தால் அத்துமீறல்,
நனைந்திருந்தால் குடிமகன்.
ஒருமுறை பாசியில் வழுக்கி
ஒரு கையைக் கரையில் ஊன்றிவிட்டான்.
"இந்தக் கையை மட்டும் கைது செய், மச்சான்.
மீதியை உன் தங்கச்சியிடம் சேர்த்துவிடு."

காற்று, பதகோனியாவின் காற்று,
வில்லோ மரங்களைத் தலைமுடியாய்ப் பிடித்து இழுக்கிறது.
மாத்தே குடுவையை நீட்டுகிறேன்.
பனி உருகிய நீரில் நின்றபடி
அவன் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருகிறான்.
இப்படியே ஆறேழு முறை.
குடுவை எல்லை தாண்டிப் போய்வருவதை
பண்ணை மேலாளர் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறார்.
எந்த விதியின் கீழ் கண்டிப்பது என்று
அவருக்கு இன்னும் தெரியவில்லை.

வளைவுக்கு அப்பால் விருந்தினர்கள்.
அவர்களின் ஒருநாள் வாடகை என் நான்கு மாதம்.
மீனைப் பிடிக்கிறார்கள், முத்தமிடுகிறார்கள்,
படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள்.
மேல்தாடை கிழிந்த ஒரு பழுப்பு டிரவுட்,
அது எனக்கு முகம் தெரிந்த மீன்,
இந்தக் கோடையில் மட்டும் ஐந்து முறை
யாரோ ஒருவரின் வாழ்நாள் மீனாகியிருக்கிறது.
அதன் வம்சமும் இந்த ஊர் இல்லை,
முட்டையாய்க் கப்பலில் வந்த கூட்டம்.
அதைப் பாலத்தடியில் போய் இறங்கு என்று
இதுவரை யாரும் சொன்னதில்லை.

மச்சான் பிடித்தால் தின்பான்.
அதுதான் அவன்மீது அவர்களுக்குள்ள கோபம்
என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது.
என்னிடம் யாரும் கோபத்தை விளக்கியதில்லை,
சாவியைத்தான் கொடுத்தார்கள்.

பிறகு அந்த ஜூலை.
மூன்று நாள் பனி, அதன்மேல் இரண்டு நாள் மழை.
ஆறு வேலிக்கம்பியைத் தாண்டியது,
ஹெலிகாப்டர் இறங்கும் புல்வெளியைத் தாண்டியது,
விடுதியின் சாப்பாட்டு அறைக்குள் வந்து
முழங்கால் உயரத்தில் நின்றது.
விருந்தினர் இல்லாத பருவம்.
சமையல்காரி நெலிதாவும் நானும்
கம்பளங்களை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தோம்.
அப்போது அவன் வந்தான்.
பாலத்திலிருந்து இடுப்பளவு நீரிலேயே வந்து
திறந்து கிடந்த கதவு வழியாக.

வேலியைத் தேடி நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
"தேடாதே," என்றான். "நான் ஆற்றில்தான் நிற்கிறேன்."
நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்,
கால் மட்டும் தண்ணீரில், சட்டப்படி.
நெலிதா சிரித்தாள். சிரித்தபடியே
கம்பளத்தின் மறுமுனையை அவனிடம் நீட்டினாள்.
இருட்டும்வரை மூவரும் ஏற்றினோம்.

நீர் வடிந்தபின் வழக்கறிஞர் வந்தார்.
வெள்ளம் கணக்கில் வராது, என்றார்.
வழக்கமான உயரம்வரை மட்டுமே அது ஆறு.
அதற்குமேல் அது வெறும் தண்ணீர்,
உரிமையாளரின் நிலத்தில் நிற்கும் தண்ணீர்.

மேலாளர் ஒரு படிவம் கொடுத்தார்.
நுழைந்தவர். நேரம். எந்த வாயில் வழியாக.
நேரம் எழுதிவிட்டேன்: மாலை நாலேகால்.
வாயில் இருந்த இடத்தில் வண்டல்தான் இருந்தது,
வண்டல் என்றே எழுதினேன்.
முதல் கட்டம் இன்னும் காலி.

தங்கச்சி வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.
அவள் மீன் உரசுகிறாள்.
செதில் ஒன்று தெறித்து
படிவத்தின்மேல் விழுகிறது, அந்தக் கட்டத்துக்குச் சற்றுப் பக்கத்தில்.
தட்டிவிடப் போன கை
பேனாவைத்தான் எடுக்கிறது.